நீரிடம் கேட்கும் கேள்வி



முதுகுவலி என்று போனாலும், தலைசுற்றல் என்று போனாலும், முழங்கால் பிசகிவிட்டது என்று போனாலும், "எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாமே" என்ற வார்த்தை, வைத்தியர் சொல்வதற்கு முன்பே நோயாளியின் வாயிலிருந்து வந்துவிடுகிற காலத்தில் நாம் வாழ்கிறோம். அந்தப் பரிசோதனையை எக்ஸ்ரேயிலேயே உயர்ந்த ரகம் என்று எண்ணுகிறவர்களும், உடம்புக்குள் இருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் புகைப்படம் பிடித்துத் தந்துவிடும் யந்திரம் என்று நம்புகிறவர்களும் பெரும்பாலோராக இருப்பதால், அது இரண்டுமல்ல என்பதை விளக்குவதையே இன்றைய பேச்சின் நோக்கமாகக் கொண்டிருக்கிறேன். நம் சரீரத்திலுள்ள நீரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, அந்த நீர் சொல்லும் விடையைப் படமாக வரைந்துகொள்வதே இந்த முறை. கேள்வி மாறினால் விடையும் மாறும், படமும் மாறும். ஆகையால் கேட்கத் தெரிந்தவருக்கே இது முழுப் பயனையும் தரும் என்பது என் அபிப்பிராயம். அதை நிலைநாட்ட முதலில் தத்துவத்தையும், பிறகு அது வளர்ந்த சரித்திரத்தையும், கடைசியில் வைத்தியத்தில் அதற்குள்ள பிரயோகத்தையும் எல்லையையும் சொல்கிறேன்.

ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்கன் 1895-இல் கண்டுபிடித்த எக்ஸ் கதிர், எதிர்ப்படும் பொருளில் எவ்வளவு தடைபடுகிறது என்பதைக் கொண்டு நிழலை உண்டாக்குகிறது. சுண்ணச்சத்து நிறைந்த எலும்பு அதை நன்றாகத் தடுக்கிறது. மூளை, தசை, ஈரல், குருத்தெலும்பு முதலிய மெல்லிய உறுப்புகளோ ஏறக்குறைய ஒரே அளவாகத் தடுப்பதால் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடுகின்றன. அதே கதிரைப் பல கோணங்களிலிருந்து செலுத்திக் கணக்குப் போடும் சி.டி. ஸ்கேன் வந்தபின் இந்தக் குறை பெருமளவு தீர்ந்ததென்றாலும், கேட்கப்படும் கேள்வி அதே கேள்விதான்: எங்கே எவ்வளவு தடை? எம்.ஆர்.ஐ. இந்த வழியை அடியோடு விட்டுவிட்டு, உறுப்புகளுக்குள் நிறைந்திருக்கும் நீரையும் கொழுப்பையும் சாட்சியாக அழைக்கிறது.

நம் உடம்பிலுள்ள அணுக்களை எண்ணினால் நூற்றுக்கு அறுபதுக்குமேல் ஹைட்ரஜன் அணுக்களே. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நீரிலும் கொழுப்பிலும் இருக்கின்றன. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரே ஒரு புரோட்டான். அதற்குத் தற்சுழற்சி என்ற இயல்பு உண்டு. அந்த இயல்பின் காரணமாக அது மிகச் சிறிய ஒரு காந்தமாகவும் இருக்கிறது. சாதாரணமாக இந்தக் கோடானுகோடிக் காந்தங்கள் திசைக்கொன்றாகத் திரும்பி நிற்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. ஆனால் மனிதனை 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலத்தில், அதாவது பூமியின் காந்த சக்தியைப்போல் ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு வலிமையுள்ள புலத்தில் படுக்கவைத்தால், புலத்தின் திசையை நோக்கி நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடக் கொஞ்சம் மிகுதியாகிவிடுகின்றன. எவ்வளவு மிகுதி என்றால், பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 5. இந்த அற்ப மிகுதியை நம்பியா ஒரு சாஸ்திரம் எழும்பியிருக்கிறது என்று நீங்கள் வியக்கலாம். ஒரு கன மில்லிமீட்டர் நீரில் மட்டுமே அப்படி மிஞ்சி நிற்பவை மூன்று கோடி கோடிக்கு மேற்பட்டவை என்பதை நினைத்தால் வியப்பு நீங்கிவிடும்.

காந்தப்புலத்தில் அகப்பட்ட புரோட்டான் அசையாமல் நிற்பதில்லை; புலத்தின் திசையை நடு அச்சாகக் கொண்டு சாய்ந்தபடியே சுற்றிவருகிறது. அந்தச் சுற்றின் வேகம் புலத்தின் வலிமைக்கு நேர்விகிதமாக இருக்கும் என்பது லார்மர் என்ற ஐரிஷ் விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் விதி. ஹைட்ரஜனுக்கு ஒரு டெஸ்லாவுக்கு விநாடிக்கு 4 கோடியே 25 லட்சத்துக்குச் சற்று அதிகமான சுற்றுகள், 1.5 டெஸ்லாவில் 63.9 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 127.7 மெகாஹெர்ட்ஸ். நம் வீட்டு எஃப்.எம். வானொலி இயங்கும் 88 முதல் 108 வரையுள்ள பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே விழுவதிலிருந்தே, இங்கே வேலை செய்வது வானொலி அலையைச் சேர்ந்த சாதுவான அலைதான், மூலக்கூறுகளைச் சிதைத்துச் சேதப்படுத்தும் கதிர் அல்ல என்பது விளங்கும். புரோட்டானின் சுற்று வேகத்தோடு அச்சாகப் பொருந்தும் அலையை ஒரு கணம் செலுத்தினால், அது அந்தச் சக்தியை ஏற்றுக்கொண்டு சாய்கிறது. வேகம் பொருந்தாத அலையை அது ஏறக்குறைய பொருட்படுத்துவதில்லை. இதுவே ஒத்ததிர்வு. அலையை நிறுத்தியவுடன், சாய்ந்த புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டே அதே வேகத்தில் ஒரு நுட்பமான சமிக்ஞையை வெளியிடுகின்றன. அதைக் கேட்பதற்காகத்தான், வெளி வானொலி நிலையங்களின் அலைகள் உள்ளே புகாதபடி, அந்த அறையின் சுவரெல்லாம் செப்புத் தகடு பதித்திருக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த முறையின் உயிர்நிலை. சாய்ந்த புரோட்டான்கள் மீள்வதற்கு இரண்டு காலங்கள் உண்டு. பெற்ற சக்தியைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்துவிட்டுப் புலத்தின் திசைக்குத் திரும்பும் காலம் ஒன்று. ஒரே தாளத்தில் சுற்றிக்கொண்டிருந்தவை ஒன்றையொன்று குழப்பித் தாளம் கலைந்துபோகும் காலம் மற்றொன்று. முதலாவதை டி-1 என்றும் இரண்டாவதை டி-2 என்றும் குறிப்பார்கள். மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீரில் டி-1 சுமார் 4 விநாடி. கொழுப்பிலோ அது ஏறக்குறைய கால் விநாடிதான். நீர் கட்டற்று ஓடுகிறதா, புரதங்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, உயிரணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து இந்தக் காலங்கள் மாறுகின்றன. நோய் வந்த இடத்தில் நீரின் நிலை மாறுவதால் அங்கேயும் அவை மாறுகின்றன. ஆகவே படத்தில் வெளுப்பும் கறுப்புமாகத் தெரிவது உறுப்பின் நிறமுமல்ல, அடர்த்தியுமல்ல. அதற்குள் இருக்கும் நீரின் நடத்தையை அளந்த காலக்கணக்கு. அலையை எத்தனை இடைவெளியில் அனுப்புவது, எத்தனை நேரம் பொறுத்து விடையைக் கேட்பது என்ற இரண்டு எண்களை மாற்றினால் போதும், டி-1 வேறுபாடு மேலெழும்பி வரும். அல்லது டி-2 வேறுபாடு வரும்.

இதை ஓர் உதாரணத்தில் நெருங்கிப் பார்ப்போம். இடுப்பு முதுகெலும்பைப் பக்கவாட்டில் வெட்டினாற்போல் எடுத்த ஒரே மனிதனின் இரண்டு படங்கள் விளக்குப் பெட்டியின்மேல் மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதற்படத்தில் கொழுப்பு வெண்மை, தண்டுவட நீர் கறுப்பு. எலும்பின் வடிவமும் வரிசையும் தெளிவு. இரண்டாவது படத்தில் அதே தண்டுவட நீர் வெள்ளி வார்த்ததுபோல் பிரகாசிக்கிறது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகளில் நீர் நிறைந்த நடுப்பகுதி வெளுத்துத் தெரிகிறது. எந்த வட்டு வயதாலோ சேதத்தாலோ நீரை இழந்ததோ அது மட்டும் கறுத்துக் கிடக்கிறது. மனிதனும் ஒருவன், இடமும் ஒன்று, யந்திரமும் ஒன்று. கேள்வி மாத்திரம் வேறு.

இந்தச் சாஸ்திரத்துக்கு அடிகோலியவர்கள் வைத்தியத்தை மனத்தில் வைத்து உழைத்தவர்கள் அல்லர். 1938-இல் கொலம்பியா சர்வகலாசாலையில் ஐசிடார் ராபி, மூலக்கூறுகளைக் கற்றையாகச் செலுத்தி, அணுக்கருவின் ஒத்ததிர்வை முதலில் அளந்தார். யுத்தம் முடிந்தவுடன் ஹார்வர்டில் எட்வர்ட் பர்சல் பாரஃபின் மெழுகிலும், ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் நீரிலும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே அதே விளைவைக் கண்டார்கள். 1952-இல் நோபல் பரிசு அவர்கள் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதை அநேகர் அறியார்; பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன், குழாயில் ஓடும் திரவம் தேங்கி நிற்கும் திரவத்தைவிட மாறுபட்ட சமிக்ஞையைத் தருகிறது என்பதை 1951-இலேயே எழுதி வெளியிட்டார். அலைபட்டுக் களைத்த அணுக்கருக்கள் வெளியேற, அலைபடாத புதியவை உள்ளே வருவதே அதன் காரணம். ஊசியே போடாமல் இரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் இன்றைய முறை நிற்பது இந்தத் தத்துவத்தின்மேல்தான்.

வைத்தியத்தின் பக்கம் இதைத் திருப்பியவர் நியூயார்க்கைச் சேர்ந்த ரேமண்ட் டமாடியன் என்ற வைத்தியர். எலிகளிலிருந்து எடுத்த புற்றுக்கட்டிகளில் மேற்சொன்ன இரண்டு காலங்களும் நல்ல திசுவில் உள்ளதைவிட நீண்டிருக்கின்றன என்று 1971-இல் அவர் காட்டினார். ஆனால் சமிக்ஞை உடம்பின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பது தெரியாதவரையில் அதைப் படமாக்க வழியில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தவர், ஸ்டோனி புரூக்கில் ரசாயனப் பேராசிரியராயிருந்த பால் லாட்டர்பர். காந்தப்புலம் எங்கும் ஒரே சீராக இருக்கவேண்டும் என்று மற்றவர்கள் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தபோது, அதை வேண்டுமென்றே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சிறுகச் சிறுக ஏறும்படி அமைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். அப்போது ஒவ்வோர் இடத்திலுள்ள புரோட்டானும் தனக்கென்று ஒரு வேகத்தில் சுற்றும். திரைக்குப் பின்னாலிருந்து வரும் வீணையின் நாதத்தைக் கேட்டமாத்திரத்தில், விரல் எந்த மெட்டின்மேல் இருக்கிறதென்று சங்கீதம் அறிந்தவர் சொல்லிவிடுவதுபோல, அலையின் சுருதியைக் கொண்டே அது புறப்பட்ட இடத்தைச் சொல்லிவிடலாம்.

1973-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியான அவருடைய கட்டுரை முதலில் அந்தப் பத்திரிகையாலேயே நிராகரிக்கப்பட்டது. அதிலிருந்த படம் வெகு எளிமையானது: 4.2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் கனநீர், அதாவது வேறு சுருதியில் ஒலிக்கும் கன ஹைட்ரஜனாலான நீர்; அதற்குள்ளே ஒரு மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள இரண்டு நுண்குழாய்களில் சாதாரண நீர். கண்ணால் பார்த்தால் இரண்டு நீரும் ஒன்றுதான். நான்கு திசைகளிலிருந்து கேட்ட விடைகளைச் சேர்த்துப் பார்த்தபோதோ, கனநீர் மறைந்து சாதாரண நீர் மாத்திரம் இரண்டு வட்டங்களாக எழுந்து நின்றது. உடம்பைப் படம் பிடிக்கும் வித்தை முழுவதும் அந்த இரண்டு சின்ன வட்டங்களிலே அடங்கியிருந்தது.

அதன்பின் வேகம் பிறந்தது. ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் எர்ன்ஸ்ட், ஃபூரியே கணிதத்தைக் கொண்டு சமிக்ஞையைப் படமாகப் பிரிக்கும் வழியை 1975-இல் சொன்னார். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அச்சுத்தொழிலுக்குப் போன பீட்டர் மான்ஸ்ஃபீல்ட், பின்னாளில் நாட்டிங்காமில் பௌதிகப் பேராசிரியராகி, ஒரே அலைவீச்சில் ஒரு தளம் முழுவதையும் படமாக்கும் முறையை 1977-இல் வகுத்தார். மறு வருஷம் தாம் கட்டிய யந்திரத்துக்குள் முதல் மனிதராகத் தாமே புகுந்தார். 1977 ஜூலையில் டமாடியனின் குழுவினர் ஒரு மனிதனின் மார்பைப் படமாக்கினார்கள். அதற்குப் பிடித்த நேரம் ஏறக்குறைய ஐந்து மணி. 1980 ஆகஸ்டு 28-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் மல்லார்டின் குழு, நோயாளி ஒருவரின் முழு உடம்பையும் பரிசோதித்து, மார்பிலிருந்த கட்டியையும் எலும்பில் பரவியிருந்த புற்றையும் கண்டுபிடித்தது. லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, தமக்கும் அதில் உரிமை உண்டென்று டமாடியன் பத்திரிகைகளில் பெரிய விளம்பரங்களே கொடுத்தார். அந்த வழக்கைத் தீர்க்க நான் இங்கே வரவில்லை; திசுவின் காலத்தை அளக்கலாமென்று கண்டது ஒரு பெருமை, இடத்தைக் கண்டது வேறொரு பெருமை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இனி யந்திரத்தின் அருகே செல்வோம். அதன் பெருங்காந்தம் நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளாலானது. 269 பாகை உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த திரவ ஹீலியத்தில் மூழ்கியிருப்பதால் அந்தக் கம்பிக்கு மின்தடை என்பதே இல்லை. ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் தானே சுற்றிக்கொண்டிருக்கும். இதன் அர்த்தத்தை எல்லாரும் கவனிக்கவேண்டும்: படம் எடுக்காத வேளையிலும், விளக்கணைத்த இரவிலும் அந்தக் காந்தம் ஓய்வதில்லை. 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுப் பாலகன் ஒருவனும், 2018-இல் மும்பையில் நோயாளிக்குத் துணையாக வந்த ஒருவரும், அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்ஸிஜன் சிலிண்டரால் உயிரிழந்தார்கள். அதனால்தான் வாசலில் நிற்கும் ஊழியர் சாவி, கைக்கடிகாரம், பர்ஸ் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவைக்கிறார். நம் பெண்மணிகளிடம் "நகையெல்லாம் கழற்றிவிட்டீர்களா அம்மா?" என்றால், "தாலி மட்டுந்தான், அது தங்கம்" என்று பதில் வரும். காந்தம் தங்கத்தை இழுக்காது என்பது வாஸ்தவமே; ஆனால் தாலிக்கொடியில் அவசரத்துக்கு உதவும் என்று கோத்துவைத்திருக்கும் இரண்டு எஃகு ஊக்குகளைக் காந்தம் விடாது; தங்கமேயானாலும் உலோக வளையம் வானொலி அலையில் சூடேறக்கூடும். இந்த நிர்ப்பந்தத்தைச் சம்பிரதாயத்துக்கு அவமரியாதை என்று எண்ணாமல், மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு போவது நல்லது.

உள்ளே படுத்தவுடன் கேட்கும் தடதட ஓசை பலரைக் கலவரப்படுத்துகிறது. இடத்தைக் கண்டறிவதற்காகப் புலத்தைச் சற்றே ஏற்றி இறக்கும் துணைச் சுருள்களில் மின்சாரம் கணத்துக்குக் கணம் மாறும்போது, பெருங்காந்தத்தின் பிடியில் அவை அதிர்கின்றன. அந்த அதிர்ச்சியே ஓசை. காதுக்குப் பஞ்சோ செவிமூடியோ கொடுப்பது அதற்காகத்தான். படம் முடிவதற்குள் அசைந்தால் விடைகள் குழம்பிவிடும் என்பதால், அமைதியாகப் படுத்திருப்பது நோயாளி செய்யும் பேருதவி.

பிரயோகங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் எழும்போது ஒரு கையும் காலும் விழுந்துகிடக்கின்றன; மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். ஆனால் அடைப்பு எப்போது நேர்ந்தது என்று சொல்ல யாருமில்லை. இங்கே நீரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. முதலாவது: நீ தாராளமாக நடமாடுகிறாயா? இரத்தம் நின்ற சில நிமிஷங்களிலேயே உயிரணுக்களின் சக்தி தீர்ந்து, நீர் உள்ளே புகுந்து அவை வீங்க, நீரின் நடமாட்டம் குறைந்துபோகிறது. நடமாட்டத்தை அளக்கும் அந்தப் படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். இரண்டாவது: திசுவில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறதா? அது படத்தில் தென்படச் சில மணி நேரமாவது ஆகும். இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்றே விடை வந்தால், அடைப்பு நேர்ந்து அதிக நேரமாகவில்லை என்று வைத்தியர் ஊகித்துக்கொள்கிறார். 2018-இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்றில், இப்படித் தேர்ந்தெடுத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 53 பேரும், கொடுக்கப்படாதவர்களில் 42 பேரும் நன்கு தேறினார்கள். மூளைக்குள் இரத்தம் கசியும் அபாயம் மருந்து பெற்றவர்களிடம் சிறிது கூடுதலாக இருந்தபோதிலும், லாபம் தெளிவாயிருந்தது. ஒரு கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் நேரம் தெரிந்திராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கடோலினியம் என்ற உலோகத்தைப் பத்திரமான ரசாயனக் கூட்டில் அடைத்து ஊசியாகப் போட்டால், அருகிலுள்ள நீரின் டி-1 காலம் குறுகி, இரத்தம் கசியும் கட்டியும் அழற்சியும் வெளுத்துத் தோன்றுகின்றன. கடுமையான சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் அதை மிகுந்த ஜாக்கிரதையோடு கொடுக்கவேண்டும். பிராணவாயுவை இழந்த இரத்தம் காந்தத்தால் சற்று ஈர்க்கப்படும் தன்மையுடையது என்பதை லைனஸ் பாலிங் 1936-இல் காட்டியிருந்தார். அந்தத் தன்மையைக் கொண்டு மூளை வேலை செய்யும் இடத்தைக் காட்டலாமென்பதை 1990-இல் ஜப்பானியரான ஸெய்ஜி ஒகாவா கண்டார். இன்று மூளைக்கட்டியை அறுக்கும் முன், பேச்சுக்கும் கையசைவுக்கும் உரிய பகுதிகள் எவையென்று அறிந்து, கத்தி அவற்றை விலகிச்செல்ல அது உதவுகிறது. முழங்கால் தசைநார், இருதயத் தசை, கர்ப்பப்பையிலுள்ள சிசுவின் மூளை, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றிலும் இதன் சாட்சியம் பெரிதும் மதிக்கப்படுகிறது.

ஆனால் எந்தச் சாட்சிக்கும் தெரியாத விஷயங்கள் உண்டு. காற்று நிறைந்த நுரையீரலிலும் கெட்டியான எலும்பின் மேலோட்டிலும் விடை சொல்லப் போதிய நீர் இல்லை. விபத்தில் அடிபட்டவருக்கு நிமிஷத்தில் முடியும் சி.டி. ஸ்கேனே பெரும்பாலும் தகுந்தது. சில பழைய பேஸ்மேக்கர்களையும் உலோகச் சாதனங்களையும் உடையவர்கள் உள்ளே போகவே கூடாது. இவற்றையெல்லாம்விட முக்கியமான எல்லை, விடை மிகுதியாகக் கிடைப்பது. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. எடுத்து 1994-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 52 பேருக்கு ஏதாவது ஒரு வட்டு பிதுங்கியிருந்தது. எல்லா வட்டும் பழுதின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேரே. வலியில்லாதவரிடமே இத்தனை தெரிகிறதென்றால், வலியோடு வந்தவரின் படத்தில் ஒரு பிதுக்கத்தைக் கண்டமாத்திரத்தில், இதுவே வலியின் காரணம் என்று தீர்ப்புச் சொல்வது எப்படி நியாயமாகும்? கால் மரத்திருக்கிறதா, எந்த விரலில் பலம் குறைந்திருக்கிறது, எந்த நரம்பின் வழியில் வலி இறங்குகிறது என்று கையால் தொட்டுப் பரிசோதித்து, அந்த நரம்பை அந்த வட்டு அழுத்துகிறதா என்ற கேள்வியோடு படத்தைப் பார்க்கிறபோதுதான், அதே பிதுக்கத்துக்கு அர்த்தம் உண்டாகிறது. கேள்வியில்லாமல் எடுத்த படமோ ஆரோக்கியமானவனையும் நோயாளியாக்கி, தேவையற்ற சிகிச்சையின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஆகையால் இரு சாராருக்கும் என்னுடைய வேண்டுகோள் ஒன்று உண்டு. வைத்தியர்களாகப் போகும் மாணவர்கள், ஸ்கேன் சீட்டில் 'முதுகு' என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திவிடாமல், தாங்கள் கண்ட குறிகளையும் தங்களுக்குள்ள சந்தேகத்தையும் இரண்டு வரியில் எழுதுங்கள். எந்த முறையில் படமெடுப்பது, எந்த இடத்தை நுணுகிப் பார்ப்பது என்பதைப் படம் பார்க்கும் நிபுணர் தீர்மானிப்பது அந்த இரண்டு வரியைக் கொண்டுதான். நோயாளிகளாகவோ அவர்களுடைய உறவினராகவோ போகிறவர்கள், பழைய படங்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், உடம்பில் ஏதேனும் உலோகம் வைக்கப்பட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், "இந்தப் படத்தால் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் ஐயா? அது தெரிந்தால் சிகிச்சை மாறுமா?" என்று மரியாதையோடு கேளுங்கள். மாறும் என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மாறாது என்றால் அந்தப் பணத்தையும் கவலையையும் மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.